வெளி லேபில் வெஸ்டர்ன் பிளாட் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

பிஎச்டி செய்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். வெஸ்டர்ன் பிளாட் என்பது, சாம்பிளில் உள்ள புரதங்களைப் பிரித்து மெம்பிரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி, குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியைப் போட்டு, அது எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் சோதனை. ஒவ்வொரு சாம்பிளும் ஓடும் தடம் லேன், அதில் புரதம் தெரியும் கோடு பேண்ட். எங்கள் துறையில் பிளாட்டைப் படமெடுக்கும் கருவி பழுதாகிக் கிடந்ததால், சாம்பிள்களை ஒரு தனியார் லேபுக்கு அனுப்பினோம். மார்பகப் புற்றுநோய் செல்லான எம்சிஎஃப்-7 ஒரு செட், கல்லீரல் புற்றுநோய் செல்லான ஹெப்-ஜி2 இன்னொரு செட். பணம் முழுவதையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

ரிப்போர்ட்டில் படங்கள் பளிச்சென்று இருந்தன. செல்களுக்குக் கொடுத்த மருந்தின் அளவு கூடக்கூட பேண்டும் நாங்கள் எதிர்பார்த்தபடியே மங்கிக்கொண்டு போனது. இடித்தது, எல்லா செல்லிலும் இருக்கும் பீட்டா ஆக்டின் என்ற புரதத்தின் வரிசைதான். எல்லா லேனிலும் புரதம் ஒரே அளவில் ஏற்றப்பட்டிருக்கிறது என்று காட்டுவதற்கான வரிசை அது. அதை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, ஏமாற்றுகிறவர்களுக்கு அதுவே வசதி. இமேஜ்ஜே என்ற படம் ஆராயும் மென்பொருளில் இரண்டு செட்டின் ஆக்டின் படங்களையும் திறந்து கான்ட்ராஸ்டைக் கூட்டினேன். ஹெப்-ஜி2 படத்தை இடவலமாகப் புரட்டி மற்றதன் மேல் வைத்தால், பேண்ட்களின் வளைவு மட்டுமல்ல, ஒரு லேனுக்கு மேலே இருந்த தூசிப் புள்ளியும் பின்னணியின் சொரசொரப்பும்கூட அச்சாகப் பொருந்தின. பேண்டின் வடிவம் தற்செயலாக ஒத்துப்போகலாம். தூசி ஒத்துப்போகாது.

கேட்டதற்கு, "ஒரே மெம்பிரேனைக் கழுவி மறுபடி ஆன்டிபாடி போட்டோம் சார், ஆக்டின் ஒன்றாகத்தான் இருக்கும்" என்றார்கள். புதிதாக வருகிற ஸ்காலர் இதை நம்பிவிடுவார். ஒரே மெம்பிரேனில் பல புரதங்களைப் பார்த்தால் ஆக்டின் பொதுவாக இருப்பது முறைதான். ஆனால் எங்களுடையவை வேறு வேறு செல்கள், வேறு வேறு மெம்பிரேன்கள். அப்புறம் படத்தை எதற்குப் புரட்ட வேண்டும்? வெட்டாத முழுப் படத்தைக் கேட்டோம். கணினி கெட்டுவிட்டது என்றார்கள். அதன் பிறகு போனையே எடுப்பதில்லை. பணமும் திரும்பவில்லை.

பணத்தைவிட என்னைப் பதற வைப்பது வேறு. இந்தப் படம் அச்சேறி மாட்டியிருந்தால், பதில் சொல்ல வேண்டியது பேப்பரில் பெயர் உள்ள மாணவர். லேபின் பெயர் எங்கும் வராது. ஆய்வுப் படங்களில் மோசடியைத் தேடும் நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக்கின் குழுவினர் 40 ஜர்னல்களில் வந்த 20,621 பேப்பர்களின் படங்களைக் கண்ணாலேயே சோதித்து 2016-இல் முடிவை வெளியிட்டார்கள்: 3.8 சதவீதத்தில் சிக்கல், அதில் பாதிக்காவது வேண்டுமென்றே செய்ததற்கான அறிகுறி. இப்போது நகல் படங்களைத் தேடும் மென்பொருளும் பல பதிப்பகங்களிடம் இருக்கிறது. காலம் கடந்தாலும் விடாது. 2006-இல் நேச்சர் ஜர்னலில் வந்த புகழ்பெற்ற அல்சைமர் பேப்பர், பிளாட் படங்களைத் திருத்தியிருந்ததால் 2024-இல் திரும்பப் பெறப்பட்டது.

ஆகவே பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: புரதங்களின் எடையை அளக்க உதவும் மார்க்கர் லேனோடு வெட்டாத முழு மெம்பிரேன் படம், கருவி சேமித்த மூல ஃபைல். பவர்பாயின்ட்டில் ஒட்டிய படமோ ஜேபெக்கோ போதாது. மிச்ச சாம்பிளைத் திருப்பித் தரவும் சொல்லுங்கள். முடிந்தால் பக்கத்தில் நின்று பாருங்கள். தர மறுக்கிற லேப் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

ஏற்கெனவே ரிப்போர்ட் வாங்கி வைத்திருப்பவர்கள் முதலில் ஆக்டின் வரிசைகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், புரட்டியும் பாருங்கள். பொருந்தினால் உடனே கைடிடம் சொல்லுங்கள். பேப்பர் வெளிவந்துவிட்டிருந்தால் வேறு யாராவது கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காமல் நீங்களே எடிட்டருக்கு எழுதிவிடுங்கள்.