முல்லைப்பாட்டா, நெடுநல்வாடையா: எதை முதலில் படிப்பது?

அளவு: சங்க இலக்கியத் தொகுப்பான பத்துப்பாட்டிலேயே சிறியதான முல்லைப்பாட்டு 103 அடி, நெடுநல்வாடை 188 அடி.

பருவம்: முன்னதில் கார்காலம் தலைவன் திரும்பும் காலம். ஆகவே, தாய்ப்பசு வராமல் தவிக்கும் கன்றிடம் ‘இப்போதே வந்துவிடும்’ என்று ஆய்மகள் (இடையர் பெண்) சொல்லும் ஆறுதல்கூட, காத்திருக்கும் தலைவிக்கு நற்சொல்லாகிறது, அதாவது நல்ல நிமித்தமாகிறது. பின்னதில் கூதிர் (குளிர்காலம்) எவரையும் விடுவதில்லை: கொள்ளியைக் கையில் பிடித்தும் கோவலர் (இடையர்) நடுங்குகின்றனர், அரண்மனையில் தலைவி பிரிவால் வாட, பாசறையில் அரசனோ நள்ளிரவிலும் உறங்காமல், வாடைக்காற்றினூடே புண்பட்ட வீரர்களைக் காண நடக்கிறான்.

கடினம்: நெடுநல்வாடையின் அரண்மனை, கட்டில் வருணனைகளை உரையின்றிக் கடப்பது எளிதன்று.

காத்திருப்புக்கு விடை தேடுவோர்க்கு முல்லைப்பாட்டு பொருந்தும். பிரிந்த இருவரின் இரவையும் ஒருசேரக் காண விரும்புவோர்க்கு நெடுநல்வாடை. என் சாய்வு, அந்தப் பாசறைக் காட்சிக்காகவே, பின்னதன் பக்கம்.