128 நாள் இடிக்கிறது: பூமியின் உட்பகுதி பற்றிய இணைய வகுப்பு

கணக்கெழுதுவது என் தொழில். வரவும் செலவும் நேராகவில்லை என்றால் எனக்குத் தூக்கம் பிடிக்காது. அதனாலோ என்னவோ, ஆறு பாகமாக வரும் இந்தக் கட்டண வகுப்பில் மூன்றாம் பாகத்தை மட்டும் நான்கு தடவை பார்த்தேன்.

பூமி துளியும் வளையாத கட்டி என்றால், அதன் அச்சு 305 நாளுக்கு ஒருமுறை லேசாகத் தள்ளாட வேண்டும். 18ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் போட்ட கணக்கு இது. 1891இல் வானியலாளர் சாண்ட்லர் அந்தத் தள்ளாட்டத்தைப் பிடித்தபோது வந்ததோ சுமார் 14 மாதம்; இன்றைய அளவில் 433 நாள். 128 நாள் இடிக்கிறது! ஆசிரியர் அந்த எண்ணைத் திரையில் போட்டுவிட்டு, விடை சொல்லாமல் ஐந்து நிமிடம் நம்மைத் தவிக்க விடுகிறார். கெட்டிக்காரர். விடை, பூமி இளகிக்கொடுக்கிறது, கடல் நீரும் கூடவே நகர்கிறது என்பதுதான்.

நான்காம் பாகமும் அதே ருசி. நிலா இழுப்பதால் நம் காலடித் தரையே தினம் இருமுறை ஏறி இறங்குகிறது, 30 சென்டிமீட்டர் வரைகூட. உள்ளே முழுக்கக் குழம்பு, மேலே மெல்லிய ஓடு என்றால் கடலோடு தரையும் எழும்பிவிடும், கரையில் ஏற்றவற்றமே தெரியாது. தெரிகிறதே! ஆகவே பூமி எஃகு மாதிரி விறைப்பு என்றார் இயற்பியலாளர் கெல்வின். நிலநடுக்க அலைகளோ, மேல் ஓட்டுக்கும் நடுக் கருவத்துக்கும் இடையே உள்ள பாறை அடுக்கான மேன்டில் அதைவிட விறைப்பு என்கின்றன. அப்படியிருந்தும் மொத்தப் பூமி இவ்வளவு வளைகிறது என்றால், உள்ளே எங்கோ விறைப்பே இல்லாத ஒன்று இருந்தாக வேண்டும். 1926இல் புவி இயற்பியலாளர் ஜெஃப்ரீஸ் அந்த வித்தியாசத்தைத் திரவக் கருவத்தின் பேரில் எழுதிக் கணக்கை நேராக்கினார்.

செய்துபார்க்கச் சொன்ன முட்டைச் சோதனையையும் செய்தேன். சுற்றும் முட்டையை விரலால் ஒரு கணம் நிறுத்தி விட்டால், அவித்தது அப்படியே கிடக்கிறது. பச்சை முட்டை, உள்ளே குழம்பு இன்னும் சுழல்வதால், தானாகவே மறுபடி சுற்றத் தொடங்குகிறது. கை கூசியது.

குறைகள் உண்டு. தேர்வில் ஆண்டுகளை மட்டுமே கேட்கிறார்கள். கடைசி இரண்டு பாகம் வெறும் சிவப்பு உருண்டையும் பின்னணி இசையும். அந்தத் திரவத்துக்கும் நடுவே திட உட்கருவம் இருப்பதை 1936இல் கண்ட நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமன் (Inge Lehmann) என்பவருக்கு இரண்டே நிமிடம். தமிழ் வசன வரி இயந்திரம் போட்டது: ஆங்கிலத்தில் மேலே போர்த்தும் துணிக்கும் அதே சொல் என்பதால், மேன்டில் 'சால்வை' ஆகிவிட்டது. "பூமியின் சால்வை 2,900 கிலோமீட்டர் தடிமன்" என்று படித்துச் சிரித்து, புகார் எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது.

வசன வரியை அணைத்துவிட்டு நான்காம் பாகம் வரை பாருங்கள். சால்வை இன்னும் அங்கேதான் இருக்கிறது.