மழைக்குப் பிறகு பிடித்துக்கொள்ளும் டிராக்டர் கிளட்ச்: எங்கள் பல வருட அனுபவம்

எங்களுடையது 35 ஹெச்பி பழைய டிராக்டர். காவிரி டெல்டாவில் சம்பா நடவு முடிந்தால் அறுவடை வரை அதற்குப் பெரிய வேலை கிடையாது. சேற்றுழவு முடித்துக் கழுவிக் கொட்டகையில் விட்டுவிட்டு, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து தை மாதம் எடுத்தால் எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆகும், ஆனால் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைத்துப் பிரிக்கும் கிளட்ச் விடாது. பெடலை அடிவரை மிதித்தாலும் கியர் கரகரவென்று அரைக்கும்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டால் முதல் பேச்சே "வண்டியைப் பிரிக்கணும்" என்பதுதான். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தனித்தனியாகப் பிரித்தால்தான் கிளட்சைக் கழற்ற முடியும் என்பது உண்மை. ஆனால் ஈரத்தில் பிடித்த கிளட்சுக்கு அவ்வளவு செலவு தேவைப்படுவது அபூர்வம். கிளட்ச் பிளேட்டின் ஃபேசிங் (உராயும் மேல்பரப்பு) ஈரத்தை உறிஞ்சுகிறது, எஞ்சினோடு சுற்றும் ஃபிளைவீலின் வார்ப்பிரும்பில் துரு ஏறுகிறது, இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் பின்வாங்கினாலும் கிளட்ச் பிளேட் நகராது.

முதலில் பெடலின் ஃப்ரீ பிளே, அதாவது மிதிக்கும்போது கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா போகும் தூரம், பாருங்கள். அது அளவுக்கு மேல் இருந்தாலும் கிளட்ச் முழுசாக விடாது. அதற்குப் பெடலையும் கிளட்சையும் இணைக்கும் ராடை அட்ஜஸ்ட் செய்தால் போதும். அப்புறம் வண்டிக்கு அடியில் குனிந்து கிளட்சை மூடியிருக்கும் ஹவுசிங்கின் கீழே உள்ள சின்ன ஓட்டையைப் பாருங்கள். பல வண்டிகளில் அதில் ஒரு சின்னக் கம்பிப் பின் (pin) தொங்கும். கேஜ் வீல் (சேற்றில் ஓட மாட்டும் இரும்புச் சக்கரம்) போட்டு உழும்போது ஏறும் சேறு அந்த ஓட்டையை அடைத்துவிடும். எங்கள் வண்டியில் கம்பியால் குத்தியதும் துரு கலந்த செந்தண்ணீர் ஒழுகியது. மழைத் தண்ணீர் அல்ல, வயல் தண்ணீர்தான் உள்ளே நின்றிருந்தது.

இனி விடுவிக்கும் வேலை. எஞ்சினை நியூட்ரலில் நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு நிறுத்துங்கள். பெடலை முழுக்க அழுத்தி, சீட்டின் அடிச்சட்டத்துக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து இரவெல்லாம் விடுங்கள். சில சமயம் காலையில் தானாகவே விட்டிருக்கும்.

விடாவிட்டால் திறந்த தரிசுக்குக் கொண்டுபோக வேண்டும். முன்னும் பின்னும் ஆள் நிற்கக்கூடாது, கலப்பை எதுவும் மாட்டியிருக்கக்கூடாது. இரண்டு பிரேக் பெடலையும் ஒன்றாக இணைத்து, நடுத்தரமான கியரில் போட்டு, கிளட்சை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்ய வேண்டும். வண்டி உடனே நகரும், அதற்குத் தயாராக இருங்கள். ஓட்டத்தில் ஆக்சிலரேட்டரை ஏற்றி இறக்கி, பிரேக்கை விட்டுவிட்டு அழுத்தினால் "டக்" என்று விடும். முதல் கியரில் இழுவை அதிகம் என்பதால் பிரேக்கின் பிடி பிளேட்டுக்குப் போய்ச் சேராது. எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் கம்பி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது கட்டாயம். நியூட்ரலில் மட்டுமே ஸ்டார்ட் ஆகும் வண்டிக்கு இந்த வழி ஒத்துவராது.

துருவை இளக்கும் எண்ணெயை ஹவுசிங்குக்குள் அடிக்கச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். ஃபேசிங் எண்ணெய் குடித்தால் பாரத்தில் கிளட்ச் வழுக்கும். அப்போது நிஜமாகவே வண்டியைப் பிரிக்க வேண்டிவரும்.

விட்ட பிறகு கொஞ்ச நாள் வண்டி எடுக்கும்போது நடுங்கும். மிச்சத் துரு தேய்ந்ததும் எங்களுக்கு அது நின்றுவிட்டது. ரொட்டவேட்டர், டிப்பர் எல்லாம் அதே பிளேட்டில்தான் இன்றும் ஓடுகின்றன. நடவு முடிந்ததும் அந்த ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்து, பெடலுக்கு முட்டுக்கட்டை வைத்துத்தான் வண்டியை நிறுத்துகிறோம். ஸ்பிரிங் தளர்ந்துவிடுமோ என்று அண்ணனுக்குப் பயம் இருந்தது. இத்தனை வருடத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை.