பையில் போகும் மிக்ஸிங் ஸ்பீக்கர்கள்: 6 வருடம் சுமந்த பிறகு

என் தோள்பையில் லேப்டாப், ஹெட்போன், ஹார்டு டிஸ்க் எல்லாம் வைத்த பிறகு மிஞ்சுவது இரண்டு செங்கல் வைக்கும் அளவு இடம்தான். அந்த இடத்தில் எதை வைப்பது என்று முடிவு செய்ய எனக்கு மூன்று செட் ஸ்பீக்கர்களும் 6 வருடங்களும் தேவைப்பட்டன. பகலில் படப்பிடிப்பில் ஒலிப்பதிவு, இரவில் தங்கும் அறையில் உட்கார்ந்து அன்றைய காட்சிகளுக்கு முதல் மிக்ஸ், அதாவது பதிவான ஒலிகளை அளவு பார்த்துக் கலப்பது. இதுதான் என் பிழைப்பு. பெரும்பாலும் ஆவணப்படங்கள், நேர்காணல்கள். அதாவது பேச்சு, பின்னணி இசை, சுற்றுப்புறச் சத்தம்.

ஹெட்போன் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதல் வருடம் நானும் ஹெட்போனில்தான் எல்லாவற்றையும் முடித்தேன். அதில் பேச்சு காதுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. பின்னணி இசையைக் கொஞ்சம் தூக்கி வைத்தாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது. அதே மிக்ஸை ஒரு அறையில் ஸ்பீக்கரில் போட்டால் இசைக்கு அடியில் பேச்சு மூழ்கிக் கிடக்கும். ரிவர்ப், அதாவது அறை எதிரொலி போன்ற விளைவு, விஷயத்திலும் இதே தலைவலி: ஹெட்போனில் துளி சேர்த்தாலே நிறைய இருப்பதுபோலத் தெரிவதால், ஸ்பீக்கரில் அது காணாமல் போய்விடும். இது போக, இயக்குநரும் நானும் ஒரே ஹெட்போனை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு விவாதிப்பது நடக்கிற காரியமில்லை.

அதனால் முதலில் வாங்கியது, ஊரெல்லாம் விற்கிற, துணி சுற்றிய உருளை வடிவ ப்ளூடூத் ஸ்பீக்கர். ஐ.பி.67 தரம். அதில் 6 என்றால் தூசி உள்ளே போகாது; 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். கீழே விழுந்தது, மழையில் நனைந்தது, மணலில் புரண்டது. எதற்கும் அசரவில்லை. அந்த விஷயத்தில் இன்றுவரை அதற்கு இணை கிடையாது.

ஆனால் ஒரு இரவு நடந்ததைச் சொல்லவேண்டும். பக்கத்து அறையில் ஆட்கள் தூங்குகிறார்கள் என்று சத்தத்தைக் குறைத்து வைத்து ஒரு பகுதியை மிக்ஸ் செய்தேன். பேஸ் கிடார் நன்றாக, நிறைவாகக் கேட்டது. காலையில் அதையே சத்தமாகப் போட்டேன். பேஸ், அதாவது அடித்தொனி, பாதியைக் காணோம். சரி, இரவில் காது ஏமாற்றிவிட்டது என்று நினைத்து 4 டெசிபல் தூக்கினேன். அடுத்த வாரம் முறையான ஸ்டுடியோவில் அதை ஓட்டியபோது மேசையில் இருந்த பேனா நகர்ந்தது. நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

காது ஏமாறவில்லை, ஏமாற்றியது ஸ்பீக்கர்தான். இந்த வகைப் பெட்டிகளுக்குள் ஒரு சிப் உட்கார்ந்து சமையல் செய்கிறது. சத்தம் குறைவாக இருக்கும்போது பேஸைச் செயற்கையாக ஏற்றுகிறது. சத்தத்தைக் கூட்டக் கூட்ட, ஒலியை எழுப்பும் சின்னக் கோன் கிழிந்துவிடாமல் இருக்க, சத்தத்துக்கு வரம்பு கட்டும் லிமிட்டர் போட்டு அதே பேஸை இறக்குகிறது. பாட்டுக் கேட்பவருக்கு இது வரம். மிக்ஸ் செய்பவருக்கோ, எடைக்கல்லே மாறிக்கொண்டிருக்கும் தராசு. கடையில் சோதிக்க எளிய வழி உண்டு: நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை மெதுவாக, நடுத்தரமாக, சத்தமாக என்று மூன்று அளவில் போடுங்கள். நம் காதுக்கே குறைந்த சத்தத்தில் பேஸ் மெலிந்துதான் கேட்கும். அதற்கு நேர்மாறாக மெதுவில் பேஸ் தடித்தும் சத்தத்தில் மெலிந்தும் கேட்டால் அந்தப் பெட்டி மிக்ஸிங்குக்கு ஆகாது.

ப்ளூடூத்தின் தாமதம் இன்னொரு தொல்லை. சாதாரண இணைப்பில் 150 முதல் 200 மில்லி விநாடி வரை போய்விடும். விநாடிக்கு 25 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் 40 மில்லி விநாடி. ஆக உதட்டசைவுக்கும் சொல்லுக்கும் நடுவே 4, 5 ஃபிரேம் இடைவெளி. வீடியோ பார்க்கும் ஆப்கள் இதை ஈடுகட்டிவிடுகின்றன. எடிட்டிங் மென்பொருளில் கர்சர் ஓரிடத்தில், சத்தம் வேறிடத்தில். ஒற்றைப் பெட்டியில் இடது வலது என்று இரண்டு கோன் இருந்தாலும் இடையில் ஒரு சாண் தூரம்கூட இல்லாததால் ஸ்டீரியோவைப் பற்றிப் பேசுவதே வீண்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது: நான் தேடிய உறுதி பெட்டிக்கு மட்டும் இருந்தால் போதாது, ஒலிக்கும் வேண்டும். நேற்று கேட்ட மாதிரியே இன்றும், இந்த அறையில் கேட்ட மாதிரியே முடிந்தவரை அடுத்த அறையிலும் கேட்கவேண்டும்.

இரண்டாவதாக வந்தது ஐ.கே. மல்டிமீடியாவின் ஐலவுட் மைக்ரோ மானிட்டர். அடித்தொனிக்கு 3 அங்குல வூஃபர், உச்சத் தொனிக்கு முக்கால் அங்குல ட்வீட்டர், ஜோடியாகச் சுமார் 1.7 கிலோ. அளவைப் பார்த்தால் பொம்மைபோல இருக்கும், கீழே 55 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 55 அதிர்வு, வரை ஒழுங்காக இறங்குகிறது. அடியில் மடக்குக் கால் இருப்பதால் முகத்தைக் காதை நோக்கி நிமிர்த்தி வைக்கலாம், மைக் ஸ்டாண்டில் திருகவும் துளை உண்டு. மின்சாரமும் ஆம்ப்ளிஃபையரும் ஒரு பெட்டியில்தான். மற்றதற்கு 4 பின் கேபிள் ஒன்று போகிறது. அந்தக் கேபிளும் வெளி அடாப்டரும் தெருமுனைக் கடையில் கிடைக்கிற சாமான்கள் இல்லை. எது தொலைந்தாலும் வேலை நின்றுவிடும் என்பதால் இரண்டிலும் ஒரு உபரி வாங்கிப் பையின் அடியில் போட்டு வைத்தேன். மூன்று வருடம் இதோடுதான் ஓடியது.

இப்போது கையில் இருப்பது ஜெனலெக் 8010 ஜோடி. இதிலும் 3 அங்குல வூஃபர்தான். ஆனால் உடம்பு அலுமினிய வார்ப்பு, கோனுக்கும் ட்வீட்டருக்கும் முன்னால் உலோகச் சல்லடை. ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ. மின்சப்ளை உள்ளேயே இருக்கிறது. 100 முதல் 240 வோல்ட் வரை எந்த நாட்டிலும் ஏற்கும், சாதாரண மின்கயிறு போதும். ஒலியைக் கொண்டுவரும் எக்ஸ்.எல்.ஆர். கேபிளும் எங்கே போனாலும் யாரிடமாவது இருக்கும். கனம் கிட்டத்தட்ட இரட்டிப்பு, பேஸ் முந்தையதைவிடக் குறைவு, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதிர்பார்க்கக்கூடாது. இருந்தும் மாறினேன். காரணம் பேச்சு. ச, ஸ ஒலிகளின் விசில், ஒரு சொல்லின் கடைசி மெய்யெழுத்து விழுங்கப்பட்டது, காலர் மைக்கில் சட்டை உரசியது எல்லாம் இதில் உடனே காதில் படுகிறது. பாட்டும் நடன இசையும் மிக்ஸ் செய்பவராக இருந்திருந்தால் நான் ஐலவுட்டிலேயே நின்றிருப்பேன்.

இரண்டுக்கும் பேட்டரி கிடையாது. கரண்ட் இல்லாத இடத்தில் ஹெட்போன்தான் கதி. ஏ.சி. அவுட்லெட் உள்ள பேட்டரிப் பெட்டியைச் சுமக்கலாம். ஆனால் விமானத்தில் 100 வாட்-ஹவருக்குள் இருந்தால்தான் தனி அனுமதி கேட்காமல் கைப்பையில் கொண்டுபோக முடியும். நான் சுமப்பதில்லை.

3 அங்குலக் கோனின் எல்லையை மறந்து ஒரு முறை மாட்டிக்கொண்டேன். ஒரு கோனிலிருந்து அதே அளவு சத்தத்தைப் பாதி அதிர்வெண்ணில் எடுக்கவேண்டுமென்றால் அது 4 மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசையவேண்டும். சின்னக் கோன் எங்கே போகும் அவ்வளவு தூரத்துக்கு? ஒரு நேர்காணல் முழுக்க ஏ.சி. இயந்திரத்தின் உறுமல் 40 ஹெர்ட்ஸ் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அறையில் எனக்குச் சுத்தமாகக் கேட்கவில்லை. திரையிடலில்தான் தெரிந்தது. அன்றிலிருந்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைஸர் எப்போதும் திரையின் ஓரத்தில் திறந்திருக்கும், பேச்சு டிராக்குகளுக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் போட்ட பிறகுதான் மற்ற வேலை. கேட்காததைக் கண்ணால் பார்க்கவேண்டியிருக்கிறது.

அறைக்குள் எங்கே வைக்கிறோம் என்பது ஸ்பீக்கரின் விலையைவிட அதிகம் பேசும். சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி வைத்தால், பின்சுவரில் பட்டுத் திரும்பும் அலை 170 ஹெர்ட்ஸ் அருகே நேர் ஒலியை அடித்துவிடும். அது ஆண்குரலின் அடிவயிறு இருக்கும் இடம். குரல் மெலிந்து கேட்கிறதே என்று, தொனிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் ஏற்றினால், வீடு திரும்பியதும் எல்லோரும் பானைக்குள் பேசுவார்கள். நான் சுவரோடு ஒட்டினாற்போல வைத்துவிட்டு, ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள பேஸ் குறைக்கும் சுவிட்சைத் தட்டிவிடுகிறேன். மேசைக்கென்று தனி சுவிட்சும் இரண்டு மாடலிலும் உண்டு. கண்ணாடி மேசை என்றால் மடித்த குளியல் துண்டை விரித்து அதன் மேல் வைப்பேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே 60 சென்டிமீட்டர், என் தலைக்கும் அதே தூரம். இவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்தால் அறையின் குரல் அடங்கி ஸ்பீக்கரின் குரல் முன்னால் வரும். கட்டில் இருக்கும் அறையில் கட்டிலுக்கு முதுகு காட்டி உட்கார்வது வழக்கம். மெத்தை எதிரொலியைக் கொஞ்சம் விழுங்கும்.

வால்யூம் விஷயத்தில் பிடிவாதமாக இருக்கிறேன். பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலைப் போட்டு உட்காரும் இடத்தில் 75 டெசிபல் அளவுக்கு வைத்து, லேப்டாப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கும் ஆடியோ இண்டர்ஃபேஸின் குமிழில் அந்த இடத்தில் வெள்ளை நெயில் பாலிஷால் ஒரு புள்ளி. இரவு அந்தச் சத்தம் முடியாது என்றால் முக்கிய முடிவு எதையும் இரவில் எடுப்பதில்லை, வெட்டி ஒட்டும் வேலை மட்டும்.

ஒரு அறையில் ஸ்பீக்கரிலிருந்து மெல்லிய ‘ஈ…’ சத்தம், மவுஸை நகர்த்தினால் கூடவே ஏறி இறங்கியது. அரை மணி நேரம் ஸ்பீக்கரைத் திட்டினேன். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், நின்றுவிட்டது. கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இணைப்புகள் வழியாக வரும் இரைச்சல். ஹெட்போன் ஓட்டையிலிருந்து நேரடியாக எடுக்கும் கேபிளில் இது அடிக்கடி வரும். எக்ஸ்.எல்.ஆர். போல இரைச்சலை ரத்து செய்யும் பேலன்ஸ்டு கேபிளுக்கு மாறிய பிறகு அநேகமாக இல்லை. அப்படியும் வந்தால் லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டிக்கொள்ளலாம்.

கட்டும்போது இரண்டின் முகங்களும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி, நடுவே கனமான அட்டை, சுற்றிலும் ஸ்வெட்டர். செக்-இன் பெட்டியில் ஒருபோதும் போட்டதில்லை. பாதுகாப்புச் சோதனையில் சில சமயம் வெளியே எடுக்கச் சொல்வார்கள், காலையில் 10 நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் சரியாகிவிடும்.

ஜெனலெக் ஜோடி வாங்கி 2 வருடம் தாண்டிவிட்டது. ஒன்றின் மூலையில் பெயிண்ட் உரிந்து அலுமினியம் தெரிகிறது, படிக்கட்டில் உருண்டதன் அடையாளம். அடியில் இருக்கும் ரப்பர் பாதம் ஒன்று எங்கோ தொலைந்துவிட்டது. பழைய செருப்பிலிருந்து வெட்டிய துண்டை வைத்துத்தான் இப்போது நிற்கிறது. இடது வலது தெரிய அந்தச் செருப்புத் துண்டைத்தான் பார்க்கிறேன்: செருப்பு உள்ளது இடது.