ரோலை வீட்டில் கழுவுவதா, பெங்களூருக்கு அனுப்புவதா?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃபிலிமில் படம் எடுக்கும் ஆட்கள் நாலு பேர் கூடினால் பேச்சு முதலில் கேமராவில் தொடங்கும், முடியும்போது இந்தக் கேள்வியில் வந்து நிற்கும். ஒகேனக்கல் பரிசல் துறையிலோ எருது விடும் விழாவிலோ எடுத்த ரோல் கையில் இருக்கிறது. ஊர் ஸ்டுடியோக்களில் ரோலை மருந்தில் கழுவி நெகட்டிவ் ஆக்கும் மெஷின்களைத் தூக்கிப் பல வருடம் ஆகிவிட்டது. மிச்சம் இருப்பது இரண்டே வழி. பெங்களூர் லேபுக்குக் கூரியரில் அனுப்பலாம், இல்லையென்றால் வீட்டுப் பாத்ரூமில் நாமே கழுவலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கறுப்பு வெள்ளையை வீட்டில்தான் கழுவுகிறேன், கலர் ரோலை லேபுக்கு அனுப்புகிறேன். இதில் கறுப்பு வெள்ளை பற்றித்தான் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு, அதனால் கீழே அதுவே நிறைய வரும்.

செலவுக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஃபிலிமை வைத்து மருந்து ஊற்றும் டேங்க், வெளிச்சம் படாமல் ஃபிலிமை அதில் மாற்றக் கைவிடும் கறுப்புப் பையான சேஞ்சிங் பேக், தெர்மாமீட்டர் எல்லாம் ஒருமுறை வாங்குவது. அப்புறம் மருந்துச் செலவு மட்டும். மாதம் ஒரு ரோலாவது எடுப்பவருக்கு வீட்டுக் கழுவல் மலிவு. வருடத்துக்கு இரண்டு மூன்று ரோல் என்றால் மருந்து பாட்டிலிலேயே கெட்டுப்போகும், லேபே மேல். நேரக் கணக்கும் அப்படித்தான். வீட்டில் இரவு கழுவினால் காலையில் நெகட்டிவ் காய்ந்திருக்கும். லேபுக்கு என்றால் கூரியர்ச் செலவு கட்டுப்படியாக வேண்டும் என்று நாலு ரோல் சேரும்வரை காத்திருப்போம். அதற்குள் முதல் ரோலில் என்ன எடுத்தோம், எந்த வெளிச்சத்தில் கேமராவில் என்ன வைத்தோம் என்பதே மறந்துவிடும். எடுத்து முடித்த ரோல் சித்திரை வெயிலில் பீரோவுக்குள் கிடப்பது ஃபிலிமுக்கும் நல்லதல்ல.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் ஊரில் முடிவு செய்வது தண்ணீர். இந்த இரண்டு மாவட்டத்திலும் வீட்டில் கழுவ ஆரம்பித்துக் கைவிட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். டேங்குக்குள் வைக்கும் ரீலில் ஃபிலிமை ஏற்ற முடியவில்லை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். "நெகட்டிவ் பூரா வெள்ளை வெள்ளையா திட்டுண்ணா" என்பார்கள்.

நம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த சேதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரோசிஸை மட்டுப்படுத்தத்தான். ஜப்பான் நிதியுதவியோடு கட்டி 2013இல் தொடங்கினார்கள். ஆனால் ஃபிலிமைப் படுத்துவது ஃப்ளோரைடு இல்லை, போர் தண்ணீரில் கூடவே வரும் சுண்ணாம்பும் உப்பும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுகிறதே, அதேதான் நெகட்டிவ் மேலும் கட்டுகிறது. தொங்கவிட்ட ஃபிலிமில் ஒரு சொட்டு நின்று காய்ந்தால் தண்ணீர் போய்விடும், அதில் இருந்த உப்பு வட்டமாக அங்கேயே தங்கிவிடும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஓரம் தடித்து நடு வெளுத்த வளையம் தெரியும். படத்தில் மரமும் பாறையும் உள்ள இடத்தில் விழுந்தால் தப்பித்தோம். பெரும்பாலும் அது வானத்தில்தான் வந்து உட்காரும்.

ஸ்கேன் செய்யும்போது சாஃப்ட்வேரில் எடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கலர் நெகட்டிவில் எடுக்கலாம். ஸ்கேனர்களில் இருக்கும் தூசி நீக்கும் வசதி அகச்சிவப்புக் கதிரை வைத்து வேலை செய்வது. கலர் ஃபிலிமின் சாயத்தை அந்தக் கதிர் ஊடுருவிப் போய்விடும், தூசியும் கறையும் மட்டும் அதற்குத் தட்டுப்படும். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் படமே வெள்ளித் துகள்தான். அது அகச்சிவப்பையும் மறைத்துவிடுவதால் படம் எது, கறை எது என்று ஸ்கேனருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாகக் கையால் அழிக்க வேண்டியதுதான்.

பென்னாகரத்தில் பழைய ஸ்டுடியோக்காரர் ஒருவர் இருக்கிறார். "நாங்க கிணத்துத் தண்ணியிலதான் தம்பி கழுவுனோம், ஒரு புள்ளியும் வராது" என்பார். ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' ஃபிலிம் காலத்து ஆள். அவர் சொல்வதில் பொய் இல்லை. அன்றைக்குக் கிணற்றில் மழைத் தண்ணீர் ஊறி நின்றது, இன்றைக்கு ஆயிரம் அடி போர் போட்டுப் பாறை இடுக்கிலிருந்து இழுக்கிறோம். அதோடு அவர் போட்டது கல்யாண குரூப்பும் பாஸ்போர்ட் படமும். சின்னப் புள்ளி இருந்தால் டச்சப் பென்சிலால் தீர்த்துவிடுவார்கள். நாம் ஒரு நெகட்டிவை ஸ்கேன் செய்து திரை முழுக்கப் பெரிதாக்கிப் பார்க்கிறோம்.

இதற்குத் தீர்வு இருக்கிறது, மலிவாகவே இருக்கிறது. வீட்டுக் கழுவல் பக்கம் நான் சாய்வதும் அதனால்தான்.

ஒரு 35 எம்எம் ரோலுக்கு பேட்டர்சன் கம்பெனி டேங்கை ஒருமுறை நிரப்ப 290 மில்லி போதும், அடியிலேயே அச்சிட்டிருப்பார்கள். கடைசியில் மருந்து போகக் குழாயைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் அலச வேண்டும் என்பது பழைய பழக்கம். ஃபிலிம் கம்பெனியான இல்ஃபோர்டு சொல்லும் முறையில் மூன்றே தண்ணீர். டேங்கை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்து நிமிர்த்திக் கொட்ட வேண்டும், அடுத்த தண்ணீரில் பத்து முறை, அதற்கடுத்ததில் இருபது முறை. ஃபிலிமை இறுகச் செய்யும் ஹார்டனர் கலக்காத ஃபிக்ஸராக (படத்தை நிலைநிறுத்தும் மருந்து) இருந்தால் இந்த முறையே போதும். ஆக அலசுவதற்கு ஒரு லிட்டர்கூட வேண்டாம். மருந்து கலப்பது, நடுவில் ஒரு அலசல் எல்லாம் சேர்த்தாலும் ஒரு ரோலுக்கு இரண்டு லிட்டரை ஒட்டித்தான் வரும். இருபது லிட்டர் கேன் தண்ணீர் ஒன்று வாங்கினால் பல ரோலுக்கு வரும். ஒகேனக்கல் தண்ணீர் வரும் தெருவில் இருப்பவர்கள் அது வரும் நாளில் குடத்தில் பிடித்து வைத்துக்கொண்டால் கேன் செலவும் மிச்சம்.

கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீரையும் நம்ப வேண்டாம். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள். தேடி அலைய வேண்டியதில்லை, பேட்டரிக் கடையில் கிடைக்கும். நான் வாங்கும் கடையில் "இன்வெர்ட்டருக்கா, வண்டிக்கா?" என்று கேட்டார். ஃபோட்டோவுக்கு என்றதும் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு பில் போட்டார். அந்த டிஸ்டில்ட் வாட்டரில் 300 மில்லிக்கு ஒன்றரை மில்லி வீதம், தண்ணீரைச் சொட்டாக நிற்கவிடாத ஃபோட்டோ ஃப்ளோவோ இல்ஃபோட்டாலோ கலந்து, ஃபிலிமை ஒரு நிமிடம் வைத்து எடுத்து, விரலால் வழிக்காமல் அப்படியே தொங்கவிட்டால் தண்ணீர் சொட்டாக நிற்காமல் தகடு போல வழிந்து இறங்கிவிடும். கிரானைட் லாரி ஓடும் ரோட்டோரம் வீடு என்றால் ஜன்னலைச் சாத்திவிட்டு, பாத்ரூமில் ஷவரை ஐந்து நிமிடம் ஓடவிட்டுத் தூசி அடங்கியபின் தொங்கவிடுவது நல்லது.

தண்ணீரில் இரண்டாவது சிக்கல் சூடு. படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தான டெவலப்பரில் எத்தனை நிமிடம் என்று சொல்லும் அட்டவணை எல்லாம் 20 டிகிரிக்கு எழுதியவை. மே மாதம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரில் கை வைக்கவே யோசிப்போம். ஐஸ் போட்டு 20க்கு இழுக்கலாம்தான். ஆனால் டெவலப்பர் மட்டும் குளிர்ந்து, ஃபிக்ஸரும் அலசும் தண்ணீரும் சூடாக இருந்தால் ஃபிலிமின் ஜெலட்டின் சுருங்கிச் சொரசொரப்பாக வாய்ப்பு உண்டு. இப்போதைய ஃபிலிம்கள் கொஞ்சம் தாங்கும் என்றாலும் ஏன் வம்பு? நான் எல்லாத் தண்ணீரையும் முதல் நாள் இரவே மண்பானையில் ஊற்றி வைத்துவிடுவேன். நம் ஊர் வறண்ட காற்றுக்குப் பானைத் தண்ணீர் விடியற்காலையில் 24, 25 டிகிரியில் வந்து நிற்கும். அந்தச் சூட்டிலேயே கழுவிவிட்டு நேரத்தைக் குறைத்துக்கொள்கிறேன். இல்ஃபோர்டின் எச்பி5 கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரை ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்தால் 20 டிகிரியில் 13 நிமிடம். 24 டிகிரியில் சுமார் 9 நிமிடம். தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் 20 டிகிரியிலேயே ஏழரை நிமிடம்தான், வெயில் காலத்தில் அது ஐந்துக்கும் கீழே போய்விடும். ஐந்துக்குக் கீழே போனால் மருந்து சீராகப் பிடிக்காது. ஆகவே சூடான ஊரில் மருந்தை நீர்க்கக் கலப்பதே பாதுகாப்பு. எப்போதாவது கழுவுபவர் என்றால் ரோடினால் என்ற டெவலப்பரைப் பாருங்கள். 1891இல் வந்த மருந்து, ஒரு பாட்டில் வருடக்கணக்கில் கெடாது. படத்தில் தெரியும் பொடிப்பொடியான கிரெயின் கொஞ்சம் தூக்கலாக விழும். தீர்த்தமலைப் பாறைக்கு அது அழகு, கைக்குழந்தை முகத்துக்கு அவ்வளவாக இல்லை.

சரி, லேபுக்கு வருவோம். கலர் என்றால் எனக்கு மறுபேச்சே இல்லை. கலர் நெகட்டிவ் கழுவும் சி-41 முறையில் டெவலப்பர் 38 டிகிரி, மூணேகால் நிமிடம். நம் ஊர் சித்திரைக்கு 38 ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். ஆனால் அது கால் டிகிரிகூட ஆடாமல் நிற்க வேண்டும். ஆடினால் நிறம் ஒரு பக்கம் இழுக்கும். நாள் முழுக்க ரோல் ஓடும் லேப் மெஷினில் சூடும் மருந்தின் பலமும் நிலையாக இருக்கும். லேபுகளின் ஃபிரான்டியர், நோரிட்சு ஸ்கேனர்களில் வரும் தோல் நிறத்தை வீட்டில் டிஜிட்டல் கேமராவை வைத்து நெகட்டிவைப் படம் பிடித்துக் கொண்டுவர எனக்கு இன்னும் கை கூடவில்லை. வெந்நீர்த் தொட்டியில் சூட்டைப் பிடித்து நிறுத்தும் கருவியை வைத்து வீட்டிலேயே சி-41 கழுவுபவர்கள் இருக்கிறார்கள். நான் செய்து பார்த்ததில்லை, ஆகவே அது ஆகாது என்று சொல்ல மாட்டேன். 35 எம்எம்மைவிட அகலமான 120 ரோலிலும் எனக்கு அனுபவம் குறைவு. டேங்குக்கு 500 மில்லி வேண்டும் என்பதைத் தவிர மற்றதெல்லாம் அப்படியே பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன்.

கறுப்பு வெள்ளையை லேபில் கொடுத்தவரை எனக்குத் திருப்தியில்லை. ஐஎஸ்ஓ 400 ஃபிலிமை, வெளிச்சம் போதாது என்று கேமராவில் 1600 என்று வைத்து ராத்திரித் தெருக்கூத்து எடுத்து, அதற்கேற்பக் கூடுதல் நேரம் கழுவச் சொல்லிக் கவர் மேலேயே எழுதி அனுப்பினேன். எல்லா ரோலோடும் சேர்த்து ஒரே நேரத்துக்குக் கழுவி அனுப்பினார்கள். வேஷக்காரர் கிரீடம் மட்டும் மின்னுகிறது, முகத்தைக் காணோம். எல்லா லேபும் இப்படி என்று சொல்லவில்லை. கேட்டபடி செய்து தருபவர்களும் உண்டு. ஆனால் அதற்கென்று தனிக் கட்டணம் இருக்கும்.

ஓசூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். பெங்களூர் அவர்களுக்கு நாற்பது கிலோமீட்டர், தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்களே நிறைய. கூரியரும் இல்லை, ரோல் சேரும்வரை காத்திருப்பும் இல்லை. போகும்போது கொடுத்துவிட்டு வாரக் கடைசியில் வாங்கி வரலாம், கவுன்டரில் நின்று நேரிலேயே விளக்கிச் சொல்லலாம். ஓசூரில் இருந்திருந்தால் நானும் டேங்க் வாங்கியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

வீட்டில் கழுவ இறங்குகிறவர்கள் பழைய ஃபிக்ஸருக்கும் ஒரு வழி யோசித்துக்கொள்ளுங்கள். கழுவிய ரோல்களின் வெள்ளி அதில்தான் கரைந்து கிடக்கிறது. செடிக்கோ செப்டிக் டேங்குக்கோ ஊற்றக் கூடாது. ஸ்டீல் கம்பிநார் உருண்டை ஒன்றைப் போட்டுச் சில நாள் வைத்தால் வெள்ளி அடியில் கறுப்புச் சேறாகப் படியும். என்னிடம் அப்படி இரண்டு கேன் சேர்ந்திருக்கிறது. தர்மபுரியில் அதை எடுத்துக்கொள்பவர் யாரையும் இன்னும் பிடிக்கவில்லை.