குறைவாக ஓடிய மசராட்டி: கிரான்டுரிஸ்மோ எஸ் உடன் சில வருடங்கள்

சுவிஸ் கார் விளம்பரங்களில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்: "முதல் கை, குறைந்த ஓட்டம், குளிர்காலத்தில் ஓட்டப்படாதது, எம்எஃப்கா முடிந்தது." எம்எஃப்கா என்பது சுவிஸ் அரசின் வாகனப் பரிசோதனை. பத்துப் பதினைந்து வருடப் பழைய மசராட்டி கிரான்டுரிஸ்மோவின் படத்துக்குக் கீழே இந்த வரி இருந்துவிட்டால், விலை மற்றவற்றை விடச் சில ஆயிரம் பிராங் கூடத்தான் இருக்கும். நான் வாங்கியதும் அப்படி விளம்பரத்தில் வந்த கார்தான். 2010 ஆம் ஆண்டின் கிரான்டுரிஸ்மோ எஸ், ஓட்டோமற்றிக். மீற்றரில் 31,000 கிலோமீற்றர். ஒரே உரிமையாளர். இன்று அது 70,000 ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே உரிமையாளர் என்பதற்காகக் கூடக் காசு கொடுக்கலாம், நானும் கொடுத்தேன். குறைந்த ஓட்டம் என்பதற்காகக் கொடுக்கத் தேவையில்லை. அதைக் காட்டியே நான் விலையைக் குறைக்கச் சொன்னேன், விற்றவரும் சம்மதித்தார்.

கார் எப்படிப்பட்டது என்று முதலில் பார்ப்போம். கிரான்டுரிஸ்மோ 2007 ஜெனீவாக் கண்காட்சியில் அறிமுகமானது. உடலை வரைந்தது பினின்ஃபரினா என்ற இத்தாலிய வடிவமைப்பு நிறுவனம். ஆரம்பத்தில் 4.2 லீற்றர் வி8, 405 குதிரைவலு. அடுத்த வருடம் 4.7 லீற்றரும் 440 குதிரைவலுவும் கொண்ட எஸ் வந்தது. அதன் கியர்ப் பெட்டி பின் அச்சோடு சேர்ந்திருக்கும். கிளட்ச் மிதி கிடையாது, கிளட்சைக் காரே இயக்கும். கியர் மாறும்போது உதறும். 2009 இல் அதே 4.7 என்ஜினோடு ஸெட்எஃப் நிறுவனத்தின் ஆறு கியர் ஓட்டோமற்றிக்கைப் பொருத்தினார்கள். என்னுடையது அது. என்ஜினைச் செய்தது மரனெல்லோவில் ஃபெராரி. டர்போ இல்லை. உச்ச வலு நிமிடத்துக்கு 7,000 சுழற்சியில்தான் வரும். இப்படி ஒரு என்ஜினை இனி யாரும் புதிதாகச் செய்து விற்கப்போவதில்லை என்றே நினைக்கிறேன். இந்தத் தலைமுறைக் கிரான்டுரிஸ்மோவின் உற்பத்தி 2019 நவம்பரில், மசராட்டியின் ஊரான இத்தாலியின் மொடேனாவில் நிறுத்தப்பட்டது.

காரின் நிறை ஏறத்தாழ 1,880 கிலோ, நீளம் கிட்டத்தட்ட 4.9 மீற்றர். பந்தயத் திடலுக்கு ஏற்ற காரைத் தேடுபவர்கள் இதை விட்டுவிடலாம். நான்கு பேரையும் பைகளையும் ஏற்றிக்கொண்டு காலையில் ஒரு நாட்டில் புறப்பட்டு மாலையில் இன்னொரு நாட்டில் களைப்பில்லாமல் இறங்குவதற்குச் செய்த கார் இது. அப்படியான காரை ஒரு மனிதர் வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீற்றருக்கும் குறைவாக ஓட்டினால் என்ன ஆகும்?

ரயரில் தொடங்குவோம். நான் போய்ப் பார்த்தபோது நான்கு ரயர்களிலும் பள்ளம் ஆழமாகவே இருந்தது. ஆனால் பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும் நான்கு இலக்கங்களைப் படித்தால் செய்த கிழமையும் வருடமும் தெரிந்துவிடும். நான்கும் தொழிற்சாலையிலிருந்து காரோடு வந்தவை. ரப்பர் கல்லாக இறுகி, ஓரங்களில் மயிர்க்கோடு போல வெடித்திருந்தது. 440 குதிரைவலுவைப் பின்சில்லுக்கு அனுப்பும் காரில், ஈரமான வீதியில், அந்த ரயரோடு போவது உயிரோடு விளையாடுவது. எஸ் வகைக்கு 20 அங்குலச் சில்லு, முன்னுக்கு 245, பின்னுக்கு 285 அகலம். நான்கையும் மாற்ற ஆயிரத்து ஐந்நூறு பிராங்குக்கு மேல் போனது.

அப்புறம் முன்சில்லுகளைக் காரோடு இணைக்கும் தாங்குகைகளின் ரப்பர் புஷ்கள். இது கிரான்டுரிஸ்மோவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நிறையெல்லாம் தாங்கும் கீழ்க் கைகளின் புஷ்களும் பந்து மூட்டுகளும் காலத்தோடு தளர்ந்துவிடும். ஓடினால் தேயும், நின்றால் காய்ந்து வெடிக்கும். என் காரில் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது டக்கென்று ஒரு சத்தம். விற்றவரின் வீட்டுப் பக்கத்துத் தெருவிலேயே அது கேட்டது. கராஜில் காரைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். வெடிப்பு வெறும் கண்ணுக்கே தெரிந்தது. நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்தால் புஷ்ஷை மட்டும் அழுத்தி மாற்றுவார். முழுக் கையையும்தான் மாற்ற வேண்டும் என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். விலையைக் கேட்டபிறகு நான் வேறிடம் போனேன்.

உள்ளே பொத்தான்கள் ஒட்டும். அந்தக் காலத்து இத்தாலியக் கார்கள் பலவற்றில், ஃபெராரியிலும் கூட, பிளாஸ்டிக்கின் மேல் மென்மையான ஒரு பூச்சுப் பூசியிருந்தார்கள். வருடம் போகப் போக அது இளகி, விரலில் பிசின் போல ஒட்டத் தொடங்கும். மூடி வைத்த கராஜில் நின்றாலும் இது நடக்கும், கிலோமீற்றருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நடுப்பலகையைக் கழற்றி, பூச்சை எடுத்துவிட்டு மறுபடி பூசித் தருகிறவர்கள் இப்போது ஐரோப்பா முழுவதும் இருக்கிறார்கள். நான் அப்படித்தான் செய்வித்தேன். அன்றிலிருந்து தொந்தரவு இல்லை.

பற்றரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தக் கார் நிற்கும்போதும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். சில கிழமை தொடாமல் விட்டால் பற்றரி இறங்கும். பற்றரி இறங்கினால் எச்சரிக்கை விளக்குகள் ஒன்றுக்கு ஒன்று சம்பந்தமில்லாமல் எரியும். புதிதாக வாங்கியவர் கார் முழுவதுமே பழுது என்று பயந்துவிடுவார். பெரும்பாலும் பழுது பற்றரியில் மட்டும்தான். காரோடு மசராட்டி கொடுத்த சார்ஜர் இருக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். இருந்தால், அது பாவிக்கப்பட்டதா என்றும் பாருங்கள்.

இவை எல்லாம் 31,000 கிலோமீற்றரில் வந்த செலவுகள். 31,000 இலிருந்து 70,000 வரை வந்த செலவு அதைவிடக் குறைவு. ஒயில், பிறேக் திரவம், வடிகட்டிகள், ஒரு தடவை முன் பிறேக் தகடுகள், பின் ரயர் இன்னொரு சோடி. பின் விளக்கொன்றுக்குள் ஈரம் கட்டியது, அதைக் கழற்றிக் காயவைத்து ஒட்டினோம். என்ஜினைத் திறக்க வேண்டிய தேவை வரவேயில்லை. பழைய ஃபெராரிகளில் சில வருடத்துக்கு ஒருமுறை ரைமிங் பெல்ட் மாற்றும் பெருஞ்செலவு உண்டு. இந்த என்ஜினில் பெல்ட் இல்லை, சங்கிலிதான். கியர்ப் பெட்டியின் ஒயிலை மாற்றவே தேவையில்லை என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். 80,000 இலிருந்து 120,000 கிலோமீற்றருக்குள், அல்லது எட்டு வருடத்தில், மாற்றச் சொல்லி ஸெட்எஃப்பே பரிந்துரைக்கிறது. என் கார் அந்தத் தூரத்தை எட்டும் முன்பே வருடத்தை எட்டியிருந்தது, அதனால் மாற்றினேன். முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இருந்த சின்ன இழுப்பு அன்றோடு போனது.

சரி, ஒரே உரிமையாளர் என்பதில் அப்படி என்ன இருக்கிறது? என்னைப் பொறுத்தவரை ஒரு கோப்புறை. விற்றவர் ஓய்வுபெற்ற மனிதர், மேசையில் ஒரு தடித்த கோப்புறையை வைத்தார். காரை ஓடர் செய்த கடிதம், எந்தத் தோல், எந்த நூல் என்று அவர் தெரிவுசெய்த தாள், ஒவ்வொரு சேவிஸ் பில், ஒவ்வொரு எம்எஃப்கா அறிக்கை, இரண்டு திறப்புகள். வருடம் இரண்டாயிரம் கிலோமீற்றர் ஓடிய வருடத்திலும் ஒயில் மாற்றியிருக்கிறார். அதுதான் எனக்கு முக்கியம். ஓடவில்லைத்தானே என்று சேவிஸைத் தள்ளிப்போட்ட கார்கள்தான் சந்தையில் அதிகம். பழைய ஒயில் என்ஜினுக்குள் நின்றபடியே கெடும், பிறேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். கார் நான்கைந்து கை மாறியிருந்தால், நடுவில் ஒருவர் இரண்டு வருடம் எதுவுமே செய்யாமல் வைத்திருந்தது உங்களுக்குத் தெரியவே வராது. ஒரே ஆள் என்றால் கேள்வி கேட்க ஒரு முகம் இருக்கிறது. "முன்பக்கம் எப்போதாவது பெயின்ற் அடித்தீர்களா?" என்று கேட்டேன். ஓட்டோபானில், அதாவது அதிவேக நெடுஞ்சாலையில், கல் பட்டு முன்பம்பரை ஒருமுறை பூசியதாகச் சொல்லி, அந்தப் பில்லையும் எடுத்துக் காட்டினார். இப்படிப்பட்ட ஒருவரிடம் வாங்கும்போது மனதில் சந்தேகம் எழுவதில்லை.

இப்போது ஓட்டும் விஷயம். நாங்கள் சூரிச் கன்ரனில் (மாநிலத்தில்) இருக்கிறோம். மொடேனா எங்களுக்கு 450 கிலோமீற்றர் அளவில். வழியில் ஆல்ப்ஸ் மலைக்குக் கீழே போகும் கொத்தார்ட் குகைவழி 17 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. கோடையில் நான் அதைத் தவிர்த்து மேலே 2,106 மீற்றர் உயரக் கணவாய் வழியாகவே போவேன். ஏற்றத்தில் ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் புகைபோக்கியின் வால்வுகள் திறக்கும். மூவாயிரம் சுழற்சியில் தடித்த குரலாகத் தொடங்குவது ஐயாயிரத்தைத் தாண்டும்போது உயர்ந்து விரிந்து மலைச்சுவரில் மோதித் திரும்பி வரும். என் மகள் சின்னவளாக இருந்தபோது கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கேட்பாள், இப்போதும் கேட்கிறாள். இதைக் கேட்பதற்காகவே இந்தக் காரை வாங்கலாம் என்று மனமாரச் சொல்வேன்.

தெற்கே இறங்கி, கியாசோவில் இத்தாலி எல்லையைக் கடந்து, மிலானைச் சுற்றி ஏ1 நெடுஞ்சாலையில் ஏறினால் மற்ற முகம் தெரியும். அதிர்வுதாங்கிகளை மென்மையாக விட்டால் கார் அமைதியாகிவிடும். நூற்றிமுப்பதில் என்ஜின் இருப்பதே தெரியாது. அம்மா பின்னுக்கு இருந்து மிலானிலிருந்து பார்மா வரை நித்திரை கொண்டிருக்கிறார். இரண்டு கதவுக் காரின் பின் ஆசனத்தில் வயதான ஒருவர் கால் மடங்காமல் இருந்து நித்திரை கொள்ளலாம் என்பது சின்ன விஷயமில்லை. இதே விலையில் கிடைக்கும் வேறு பெயர்போன கார்களின் பின் ஆசனம் பை வைக்க மட்டும்தான் உதவும். ஏறி இறங்க மட்டும் அம்மாவுக்குக் கை கொடுக்க வேண்டும். பைகளுக்கு 260 லீற்றர் இடம். நான்கு பேருக்குக் கடினமான பெட்டிகள் அடங்காது, துணிப்பைகள் கொண்டுபோங்கள்.

பெற்றோல் ஓட்டோபானில் நூறு கிலோமீற்றருக்கு 12, 13 லீற்றர். நகரத்துக்குள் 20 க்கு மேல். தாங்கி 86 லீற்றர் என்பதால் மொடேனாவுக்கு நடுவில் நிற்க வேண்டியதில்லை.

மொடேனாவுக்குப் போனால் ஊருக்கு வெளியே பனினிக் குடும்பத்தின் பண்ணைக்கும் போங்கள். 1996 இல் மசராட்டியின் பழைய கார்கள் ஏலத்துக்குப் போகவிருந்தபோது உம்பெர்தோ பனினி அவற்றை வாங்கி மொடேனாவிலேயே நிற்கவைத்தார். பார்மிஜானோ சீஸ் செய்யும் பண்ணையின் ஒரு கட்டடத்துக்குள் அவை நிற்கின்றன. அங்கே 1950 களின் பழைய மசராட்டிகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என் காரின் முன்பக்கத்தைப் பார்த்தால், அந்த வளைவு எங்கிருந்து வந்தது என்பது புரிந்தது.

குறைகளும் இருக்கின்றன. திரையும் வழிகாட்டியும் வாங்கிய அன்றே பழையவை. நான் கைபேசியைத்தான் பாவிக்கிறேன். கதவுகள் மிக நீளம், சுவிஸ் நிலக்கீழ்த் தரிப்பிடங்களில் இரண்டு தூணுக்கு நடுவில் விட்டால் வெளியே வர முடியாது. ஓட்டோமற்றிக் பெட்டி இன்றையவற்றின் வேகத்துக்கு மாறாது. பிறேக்கைக் கடுமையாகப் பாவித்து இறக்கத்தில் வந்தால் இந்த நிறைக்கு அது சூடாகும். வாகன வரி கன்ரனுக்குக் கன்ரன் வேறுபடும். சூரிச்சில் என்ஜின் கொள்ளளவையும் மொத்த நிறையையும் பார்ப்பார்கள், இரண்டும் இந்தக் காரில் பெரியவை. வீட்டில் இன்னொரு கார் இருந்தால் இரண்டுக்கும் ஒரே இலக்கத்தகட்டை மாற்றிப் போடும் வசதியை எடுங்கள், வருடச் செலவு நன்றாகக் குறையும்.

அண்மையில் இதே காரைத் தேடும் மச்சான் பாசலிலிருந்து போன் எடுத்தான். "ஒருத்தர் 18,000 ஓடினது வைச்சிருக்கிறார், இன்னொருத்தர் 62,000 ஓடினது. ரெண்டும் முதல் கைதான். எதை எடுக்க?"

"62,000 ஓடினதுக்குப் பில் எல்லாம் இருக்கோ?"

"ஒவ்வொரு வருசமும் இருக்கு. மற்றதுக்கு மூண்டு வருசம் ஒண்டுமில்லை, ஓடேல்லை எண்டு சொல்றார்."

"அப்ப 62,000 ஐப் போய்ப் பார். மற்றதின்ர விலையை ரயர், புஷ், பற்றரி, எல்லாத் திரவமும் மாத்துற காசைக் கழிச்சுக் கேள். தந்தால் அதையும் யோசி."

வருடத் தெரிவைப் பொறுத்தவரை, 2009 இலிருந்து வந்த 4.7 ஓட்டோமற்றிக்கைத்தான் நீண்ட பயணம் போகும் குடும்பங்களுக்குச் சொல்வேன். ஆரம்ப வருட 4.2 கார்கள் விலை குறைவு. ஆனால் சிலவற்றில், என்ஜின் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் நேரத்தை மாற்றும் பாகம் பழுதாகும், திருத்தம் பெருஞ்செலவு. அவற்றைப் பார்க்கப் போனால் என்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது போங்கள். முதல் ஸ்டார்ட்டில் கடகடவென்று சத்தம் வந்தால் அதற்கு விலை பேசாதீர்கள். கிளட்ச் மிதி இல்லாத எஸ் வகையில் கிளட்சின் தேய்மானத்தைக் கணினியில் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். எந்த வகையானாலும், வாங்கும் முன் உங்கள் மெக்கானிக் காரைத் தூக்கிப் பார்க்க விற்பவர் விடவேண்டும். என்னிடம் விற்றவர் தானே காரை ஓட்டிக்கொண்டு கராஜுக்கு வந்தார்.