ஸ்கோப்பின் மேல் இரண்டாவது ரெட் டாட்: பன்னிரண்டு மணியிலா, ஒன்றரை மணியிலா?

அடிபட்ட காட்டுப்பன்றி புதருக்குள் புகுந்துவிட்டது. கையில் இருப்பது 3–9×40 ஸ்கோப் பூட்டிய .308 ரைஃபிள். எவ்வளவு குறைத்தாலும் அந்த ஸ்கோப் மூன்று மடங்குக்குக் கீழே இறங்காது. பத்து மீட்டரில் அது காட்டுவது மயிரும் இலையும் கலந்த ஒரு கருந்திட்டு. தோள் எது, தொடை எது என்று பிரியாது. தென்னாப்பிரிக்காவின் ஜூலூலாந்து முட்காட்டிலும் லிம்போபோ பக்கமும் வேட்டைக்குப் போகிறவர்கள் ஸ்கோப்போடு பெருக்கம் இல்லாமல் ஒளிப்புள்ளியால் குறி காட்டும் ஒரு சின்ன ரெட் டாட்டும் வைத்துக்கொள்வது இந்த நேரத்துக்காகத்தான். எந்த ரெட் டாட் வாங்குவது என்று எல்லோரும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அதை எங்கே மாட்டுவது என்பதோ, கடையில் அன்றைக்கு இருக்கும் மவுண்ட்டை, அதாவது பூட்டும் தாங்கியைப் பொறுத்து முடிவாகிவிடுகிறது. முதலில் இடத்தைத் தீர்மானித்துவிட்டு, அந்த இடத்துக்கான மவுண்ட்டையும், அதில் உட்காரும் ரெட் டாட்டையும் தேடுவதுதான் சரியான வரிசை.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: இது தேவைதானா? ஸ்கோப் 1–6 அல்லது 1–8 ஆக இருந்து, பகல் வெளிச்சத்திலும் தெரியும்படி நடுப்புள்ளி ஒளிர்ந்தால் இரண்டாவது டாட் வீண் எடை. .375 போன்ற கனத்த ரைஃபிளுக்கும் இதே பதில்தான். ஸ்கோப்பின் அடிப்பெருக்கம் 2.5-ஐத் தாண்டினால் மட்டும் மேலே படியுங்கள்.

ரைஃபிளின் பின்னால் நின்று, ஸ்கோப்பை ஒரு கடிகார முகமாக எண்ணிக்கொள்ளுங்கள். நேர் உச்சி பன்னிரண்டு மணி. வலப்பக்கம் 45 டிகிரி சாய்ந்த இடம் ஒன்றரை மணி. சந்தையில் கிடைக்கும் மவுண்ட்டுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுக்கானவை. பர்ரிஸ் பெப்பர் மவுண்ட்டோடு, ஸ்கோப்பை மேலிருந்து கவ்வ வெறும் மூடியும் வரும், ரெயில் பல் வெட்டிய மூடியும் வரும். பின்னதை மாட்டினால் உச்சியில் டாட் வைக்கலாம். ஸ்பூர் மவுண்ட்டில் 45 டிகிரி முகங்களிலேயே துணைக்கருவி பூட்டத் துளைகள் உண்டு. ரெப்டிலியா நிறுவனம் உச்சிக்கு ஒன்று, 45 டிகிரிக்கு ஒன்று என இரண்டு வகையும் செய்கிறது.

பன்னிரண்டு மணியின் பெரிய பலம், ரைஃபிளைச் சாய்க்க வேண்டியதில்லை என்பது. முன்னும் பின்னும் தாங்கும் நாலுகால் ஸ்டிக்கிலோ பைபாடிலோ ரைஃபிள் உட்கார்ந்திருக்கும்போது அதை 45 டிகிரி உருட்டிப் பாருங்கள், ஏன் என்று புரியும். உச்சியில் டாட் இருந்தால் தலையைச் சற்று உயர்த்தினால் போதும். ஸ்கோப்பைப் பதினைந்து மடங்கில் வைத்துவிட்டு இலக்கைத் தொலைத்துவிடுகிற நெடுந்தூரப் போட்டிக்காரர்களுக்கும் இதுதான் கைகொடுக்கும்: டாட்டில் இலக்கைப் பிடி, தலையை இறக்கு, ஸ்கோப்பில் அதே இடம் தெரியும்.

பலவீனமும் அதே உயரத்தில்தான். கண் ஸ்கோப் அச்சிலிருந்து சுமார் 45 மில்லிமீட்டர் மேலே போகிறது. கன்னம் ரைஃபிளின் பின்கட்டையான ஸ்டாக்கை விட்டு எழுகிறது, தாடை மட்டும் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. ஸ்டிக்கில் இது பெரிய குறையில்லை. எழுந்து நின்று, மூச்சு வாங்க, கையில் ஏந்திச் சுடும்போது இது பெரிய குறை. இன்னொன்று டரட், அதாவது குறியைத் திருத்தும் குமிழ். ஸ்கோப்பின் மேல் டரட் 25 மில்லிமீட்டர் உயர்ந்து நின்றால் தாழ்வான மவுண்ட்டில் டாட் கண்ணாடியின் கீழ்ப்பாதி மறைந்துபோகும். ஸ்கோப்பைக் கவ்வும் இரு வளையங்களில் முன் ரிங்கில் வைத்தாலும் பின் ரிங்கில் வைத்தாலும் டரட் பார்வைக் கோட்டில்தான் நிற்கும். மூடி போட்ட தாழ்வான வேட்டை டரட்டாக இருந்தால் தப்பிக்கலாம். திறந்த உயர டரட்டுக்கு மவுண்ட்டையும் உயர்த்தியாக வேண்டும். தூசிக்காக மாட்டும் மடக்கு மூடிகளையும் கவனியுங்கள். பின்மூடி மேல்நோக்கித் திறந்தால் டாட்டுக்கு நேர் எதிரே சுவராக நிற்கும். அதைத் திருகி இடப்பக்கம் திறக்கும்படி வையுங்கள்.

ஒன்றரை மணியில் கன்னம் இருந்த இடத்திலேயே இருக்கும். வலக்கைக்காரர் ரைஃபிளின் உச்சியை இடப்பக்கம் உருட்டினால் டாட் கண்ணுக்கு நேரே வந்துவிடும். வலது முழங்கை தானாக எழும். அந்த அசைவு உடம்புக்கு இயல்பானது. 45 என்ற கோணம் சும்மா வைத்ததல்ல. ஸ்கோப்பில் மேல் டரட் பன்னிரண்டு மணியிலும் பக்க டரட் மூன்று மணியிலும் இருக்கின்றன. 45 டிகிரி உருட்டும்போது பார்வைக் கோடு இரண்டுக்கும் சரிநடுவே, மாட்டுக் கொம்புகளுக்கு நடுவே பார்ப்பதுபோல் போகும். 35 டிகிரி மவுண்ட்டில் உருட்டல் குறைவு, ஆனால் மேல் டரட் ஓரத்தில் எட்டிப் பார்க்கும். பெருக்கத்தை மாற்றும் வளையத்தில் நெம்புகோல் பூட்டியிருந்தால், எந்தப் பெருக்கத்தில் அது டாட்டை மறைக்கிறது என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

போல்ட் ரைஃபிளில் டாட்டைப் பின் ரிங்கின் வலப்பக்கம் வைக்கவே கூடாது. போல்ட்டை இழுக்கும் கைவிரல் முட்டி அதில் இடிக்கும். முன் ரிங்தான் இடம். அங்கே வெற்றுத் தோட்டாக்கூடு வெளியேறும் வாய்க்கும் முன்னால் நிற்கும். ரெட் டாட்டுக்குக் கண்-தூரம் என்ற கட்டுப்பாடு இல்லாததால் முன்னே தள்ளியிருப்பது தவறல்ல. சாளரம் சற்றுச் சிறிதாகத் தெரியும், அவ்வளவே. 50 அல்லது 56 மில்லிமீட்டர் முன்கண்ணாடி இருந்தால் அதன் வாய் விளிம்பு சாளரத்தின் அடியில் தெரியக்கூடும்.

இந்த இடத்தின் உண்மையான தொந்தரவு சுமப்பதில்தான். டாட் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும். பக்கி எனும் பிக்கப் வண்டியின் ரைஃபிள் தாங்கியில் உரசும், பையின் ஜிப்பில் மாட்டும், முள்ளில் கொக்கி போடும். இங்கே புஷ்வெல்ட் எனும் புதர்க்காட்டில் சிக்கிள்புஷ் என்று திட்டித் தீர்க்கும் புதர் வேறொன்றுமில்லை, நம் ஊர் விடத்தலைதான். அதன் முள் டயரையே குத்திவிடும். திறந்த வகை டாட்டுக்குள் அதன் இலைத் துணுக்கு ஒன்று விழுந்து ஒளிமுனையை மூடினால் புள்ளி மங்கும் அல்லது காணாமலே போகும். பனித்துளி விழுந்தால் புள்ளி பூவாகச் சிதறும். கடற்கரை ஈரத்தில் விடியற்காலையில் வேட்டையாடுகிறவர்கள் ஏய்ம்பாயிண்ட் அக்ரோ பி-2, ஹோலோசன் 509டி போன்ற மூடிய வகைகளைப் பார்ப்பது நல்லது. எடை கூடும்: அக்ரோ சுமார் 60 கிராம், டிரிஜிகான் ஆர்எம்ஆர் சுமார் 34 கிராம்.

பதினொன்று அல்லது ஒரு மணியில் வைக்கும் இடைப்பட்ட மவுண்ட்டுகளும் உண்டு. தலையையும் கொஞ்சம் தூக்க வேண்டும், ரைஃபிளையும் கொஞ்சம் சாய்க்க வேண்டும். உயர டரட்டைத் தவிர்க்க வேறு வழியில்லாதபோது மட்டும் அதை எடுக்கலாம். ஸ்கோப் குழாயைச் சுற்றி நேரடியாகக் கவ்வும் மலிவான வளையங்களை வாங்கவே வேண்டாம். டரட்டுக்கு அருகே குழாயை நெரித்தால் உள்ளே நகரும் லென்ஸ் தொகுதி இறுகி, ஸ்கோப்பின் கிளிக்குகள் பொய் சொல்லத் தொடங்கும்.

இனி ஜீரோ, அதாவது ஒரு குறிப்பிட்ட தூரத்தில் தோட்டா புள்ளியிலேயே படும்படி டாட்டைச் சரிசெய்வது. இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள பெரிய வித்தியாசம் இங்கேதான் வெளிப்படுகிறது. கணக்குக்கு .308, தோட்டாவின் வேகம் நொடிக்கு 800 மீட்டர், ஸ்கோப் அச்சு குழல் அச்சுக்கு 40 மில்லிமீட்டர் மேலே என்று வைத்துக்கொள்வோம். உச்சியில் வைத்த டாட் குழலுக்குச் சுமார் 85 மில்லிமீட்டர் மேலே இருக்கும். அதை 50 மீட்டரில் ஜீரோ செய்தால் 10 மீட்டரில் தோட்டா 65 மில்லிமீட்டர் கீழே படும், 25 மீட்டரில் 37 கீழே, 100 மீட்டரில் 4 சென்டிமீட்டர் மேலே. எல்லாம் சமாளிக்கக்கூடியவை. ஆனால் பலரும் வசதிக்காக 25 மீட்டரில் ஜீரோ செய்கிறார்கள். அப்படிச் செய்தால் 50 மீட்டரில் 7.5 சென்டிமீட்டர் மேலே, 100 மீட்டரில் 19 சென்டிமீட்டர் மேலே. இம்பாலா மானின் முதுகுக்கு மேலே போய்விடும். உயரமான மவுண்ட்டுக்குக் கிட்டத்து ஜீரோ ஆகாது.

ஒன்றரை மணி மவுண்ட்டில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது, கடையில் யாரும் சொல்வதில்லை. டாட் ஸ்கோப்பைச் சுற்றி 45 டிகிரியில் இருக்கிறது, குழலைச் சுற்றி அல்ல. ரைஃபிளை உருட்டியதும் குழல் நேர் கீழே வருவதில்லை; மேலே சொன்ன அளவுகளில் சுமார் 73 மில்லிமீட்டர் கீழேயும் 28 மில்லிமீட்டர் வலப்பக்கமும் நிற்கும். 50 மீட்டரில் ஜீரோ செய்தால் 10 மீட்டரில் தோட்டா 55 மில்லிமீட்டர் கீழே, 22 வலப்பக்கம் படும். 100 மீட்டரில் 3 சென்டிமீட்டர் மேலே, 28 மில்லிமீட்டர் இடப்பக்கம். இதையே 25 மீட்டரில் ஜீரோ செய்தால் 100 மீட்டரில் இடப்பக்கம் 8 சென்டிமீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஆகவே இதற்கும் 50 மீட்டர்தான். ரைஃபிளை உருட்டிப் பிடித்த நிலையிலேயே ஜீரோ செய்யுங்கள். உருட்டிய பிறகு டாட்டின் மேல்-கீழ் திருகு மேல்-கீழாகவே வேலை செய்யும். கோணம் பத்து டிகிரி பிசகினால் என்ன ஆகும் என்று பயப்பட வேண்டாம். 50 மீட்டரில் அதனால் வரும் விலகல் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு.

ஒரு எம்ஓஏ (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) கிளிக் 50 மீட்டரில் 14.5 மில்லிமீட்டர் நகர்த்தும். 3 எம்ஓஏ புள்ளி அதே தூரத்தில் சுமார் 44 மில்லிமீட்டரை மூடும், 6 எம்ஓஏ புள்ளி 87 மில்லிமீட்டரை. புதருக்குள் பின்தொடர்வதற்கு 6 சரி. கண் உடனே பிடிக்கும். புள்ளி வால்நட்சத்திரம்போல் நீண்டு தெரிந்தால் டாட்டைக் குறை சொல்வதற்கு முன் கைபேசியால் அதைப் படம் எடுங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் சிக்கல் கண்ணில், அஸ்டிக்மாட்டிசம். ஒளியளவைத் தானே மாற்றிக்கொள்ளும் டாட்டுகள் நீங்கள் நிற்கும் இடத்தின் வெளிச்சத்தை அளக்கின்றன. மர நிழலில் நின்று வெயிலில் நிற்கும் விலங்கைக் குறிவைத்தால் புள்ளி வெளிறிவிடும். கையால் மாற்றும் வசதி கட்டாயம் இருக்கட்டும்.

பேட்டரி எங்கே திறக்கிறது என்று வாங்கும்போதே பாருங்கள். ஆர்எம்ஆர் டைப் 2-இல் சிஆர் 2032 அடியில் இருக்கிறது. மாற்ற வேண்டுமானால் டாட்டைக் கழற்ற வேண்டும், மாட்டியபின் ஜீரோவைச் சரிபார்க்க வேண்டும். வோர்டெக்ஸ் வெனம், பர்ரிஸ் ஃபாஸ்ட்ஃபயர் 3, லியுபோல்ட் டெல்டாபாயிண்ட் ப்ரோ மூன்றிலும் மேலேயே திறக்கலாம். ஹோலோசன் 507சி-இல் பக்கவாட்டுத் தட்டு. டாட்டின் அடியும் மவுண்ட்டின் துளைகளும் சேரும் அடித்தளமும் பொருந்த வேண்டும். 507சி ஆர்எம்ஆர் தளத்தில் உட்காரும். வெனமும் ஃபாஸ்ட்ஃபயரும் டாக்டர் (Docter) தளம். அக்ரோவுக்குத் தனித் தளம்.

பொருத்தும்போது முதலில் ரைஃபிள் காலியா என்று தோட்டா அறையைத் திறந்து பாருங்கள். டாட் தாங்கும் மூடி உங்கள் ரிங்குக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். ஒரு கம்பெனி ரிங்குக்கு வேறு கம்பெனி மூடியைப் போட்டால் குழாயில் கோடு விழும். ஒரே நேரத்தில் இரண்டு ரிங்கையும் தளர்த்தாதீர்கள். ஒன்று இறுகியிருக்கும்போது மற்றதன் மூடியை மாற்றினால் ஸ்கோப் உருளாது. மூடியின் இரு பக்க இடைவெளியும் சமமாக வரும்படி குறுக்குமறுக்காக, டார்க் ரெஞ்ச்சால் 15 முதல் 18 அங்குல-பவுண்ட் வரை, அதாவது சுமார் 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் வரை, இறுக்குங்கள். டாட்டின் சிறு திருகுகளுக்கு அதைவிடக் குறைவு; தாளில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள். திருகு தளராமல் பிடிக்கும் நீலப் பசை லாக்டைட் 243 அந்தத் திருகுகளுக்கு ஒரு சொட்டு போதும். ரிங் மூடித் திருகுகளுக்கு, தயாரிப்பாளர் சொன்னாலொழிய வேண்டாம். ஈரமான மரையில் அதே அளவு டார்க் அதிகமாக இறுக்கும்.

மிக அதிகமாக நடக்கும் சேதம் நீளத் திருகால் வருவது. மூடியின் துளை ஊடுருவிப் போகிற வகையாக இருந்தால், டாட்டோடு வந்த திருகு மறுபுறம் நீட்டிக்கொண்டு ஸ்கோப் குழாயைக் குத்தும். மூடியைத் தனியாகக் கையில் வைத்து டாட்டை அதில் முடுக்கி, உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். நுனி தட்டுப்பட்டால் திருகை அரத்தால் தேய்த்துக் குறைத்த பிறகே ஸ்கோப்பின் மேல் வையுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை கவலை குறைவு. தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் முக்கியப் பாகமாகக் கருதுவது குழல், ஃபிரேம், ரிசீவர் ஆகியவற்றை. ரிசீவரில் புதுத் துளை போட வேண்டி வந்தால் உரிமம் உள்ள துப்பாக்கிக் கைவினைஞரான கன்ஸ்மித்திடம் கொடுங்கள்.

நம் தேர்வு இது. ஸ்டிக்கிலிருந்தோ மறைவிடத்திலிருந்தோ மட்டும் சுடுகிறவர்களுக்கு உச்சி மூடி. அடிபட்டதைத் தேடிப் புதருக்குள் நடந்து போகிறவர்களுக்கு முன் ரிங்கின் ஒன்றரை மணி, மூடிய வகை டாட், 50 மீட்டர் ஜீரோ. இடக்கைக்காரர் வலக்கை போல்ட் வைத்திருந்தால் பத்தரை மணியில் மாட்டட்டும். போல்ட் கைப்பிடி அந்தப் பக்கம் வராது என்பதால் அவருக்குப் பின் ரிங்கும் திறந்திருக்கிறது. மாட்டிய பிறகு இருபது தோட்டா சுட்டுவிட்டு, டாட்டின் ஜீரோவோடு ஸ்கோப்பின் ஜீரோவையும் 100 மீட்டரில் மறுபடி பாருங்கள். மூடி மாறியதில் அதுவும் நகர்ந்திருக்கும்.